கல்லூரிக்கு ஆடியதும் மில்லுக்கு ஆடியதும்

இதை எழுத உட்கார்ந்து எத்தனை தடவை எழுந்து போயிருக்கிறேன் என்பது முருகனுக்குத்தான் தெரியும். பேனாவை எடுப்பேன். முதல் வரி எழுதுவேன். உனக்கெதற்கு இந்த வேலை என்று எனக்கே தோன்றும். மூடி வைத்துவிடுவேன். எஸ்.எஸ்.சி. கூட முழுசாகப் பாஸ் பண்ணாதவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் என்ன சொன்னாலும் அதற்குக் கையும் காலும் வைத்துவிடுகிற என் சனங்கள். அவர்களுக்குப் பயந்து இல்லை, அலுத்துப் போய்த்தான் இவ்வளவு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விஷயம் சின்னது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அட்டனில் ஒரு கல்லூரியில் படித்த காலத்தில் கல்லூரிக்காக உதைபந்து ஆடினேன். அதன் பிறகு கடல் தாண்டிப் போய், கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லுக்குச் சம்பளத்துக்கு ஆடினேன். ஃபைனலுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவுதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் கேட்டால் நான் காலை உடைத்துக்கொண்டு வந்தேன் என்பான் ஒருவன். எதிர் டீமிடம் கையூட்டு வாங்கினேன் என்பான் இன்னொருவன். கோயிலில் பூசை முடிந்து உட்கார்ந்தால் இளவட்டங்கள் வந்து கேட்பது வேறு: “மாமா, காலேஜ் ஆட்டமா, வெளிநாட்டு ஆட்டமா, எது மாமா ஒசத்தி?” சுண்டல் கையில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது?

முதலில் கல்லூரியைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்று தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்துவிடுகிற காலம் அது. என்னையும் பதிந்திருப்பார்கள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒருவர் நான் பந்து உதைப்பதைப் பார்த்துவிட்டு, கல்லூரியில் போய்ச் சொல்லி, என்னைச் சேர்த்துவிட்டார். ஆக, நான் படிக்கப் போனேனா, உதைக்கப் போனேனா என்ற குழப்பம் முதல் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. கடைசி வரைக்கும் அது தீரவே இல்லை.

காலையில் மலையிறங்கி அட்டனுக்கு நடை. வகுப்பு. வகுப்பு விட்டதும் மைதானம். இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் மலையேற்றம். உடம்பில் ஈரம் காய்ந்த நாள் கிடையாது. மழை இல்லாவிட்டால் பனி, பனி இல்லாவிட்டால் வேர்வை. சாப்பாடு, காலையில் அம்மா மடித்துக் கொடுத்த ரொட்டியும் சம்பலும். அதையும் பத்து மணி இடைவேளையிலேயே தின்றுவிடுவேன். “ஒதச்சு ஒதச்சு பந்து தேயுதோ இல்லையோ, எம் புள்ள தேயுறான்” என்று அம்மா பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படி சொல்வாள். முட்டி வீங்கினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுவிட்டு, மேலே இதையும் சொல்வாள்.

சப்பாத்து, அதாவது பூட்ஸ், ஒரு ஜோடியை இரண்டு பேர் போட்டோம். நான் முதல் பாதி ஆடினால் மற்றவன் இரண்டாம் பாதி என்று அர்த்தமில்லை. ஆளுக்கொரு சப்பாத்து. எனக்கு இடது கால் உதை என்பதால் இடது எனக்கு. வலது காலில் துணி சுற்றிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் ஆடினோம். ஜெயித்து வந்தால் திங்கட்கிழமை கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்டுவார்கள். அதே திங்கட்கிழமை முதல் பாடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டுக் கணக்குச் செய்யவில்லை என்று பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார். ஒரே காலைப்பொழுதில் இரண்டு உயரமான இடம்.

விளையாட்டு மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். நல்ல மனிதர், ஆனால் திட்டாமல் ஒரு வாக்கியம் அவருக்கு வராது. பந்தை விட்டாலும் திட்டு, கோல் போட்டாலும் “இதை முந்தியே அடிச்சிருக்கலாமல்லோ” என்று திட்டு. அவருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்ட கதைதான் இனி வருவது.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து வைப்போம். காமனை எரிக்கிற வரைக்கும் மதன் வேஷம் கட்டுகிறவனும் ரதி வேஷம் கட்டுகிறவனும் கையில் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். லயம் லயமாகப் போய் ஆட வேண்டும். காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இது எங்கள் சட்டம். நான் ரதி. ஒரு தடவை வேஷம் ஏற்றால் தொடர்ந்து மூன்று வருடம் ஆட வேண்டும் என்பது நேர்ச்சை. அது எனக்கு இரண்டாவது வருடம்.

அந்தச் சமயம் பார்த்து, கண்டிப் பக்கத்து ஒரு கல்லூரியோடு மேட்ச் வந்தது. எங்கள் கல்லூரி அவர்களை அதுவரை ஜெயித்ததே இல்லை. என்னைத் தேடித் தோட்டத்துக்கே வந்த மாஸ்டரிடம் நான் காப்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “அவிட்டுப்போட்டு வா, வந்து கட்டலாம்” என்றார். முடியாது சேர் என்றேன். “உனக்கு விசரே, பைத்தியமே?” என்றார். அதற்கும் முடியாது என்றேன். சாமி காரியத்தில் நான் வளைகிறவன் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? திட்டிக்கொண்டே போய், கல்லூரி அதிபரிடம் பேசி, மற்றக் கல்லூரிக்கும் எழுதி, மேட்சை எங்கள் தோட்டத்து மைதானத்துக்கே மாற்றிவிட்டார். லொறியில் கண்டிப் பையன்கள் வந்து இறங்கினார்கள். தோட்டமே திரண்டுவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராதவன்கூட மைதானத்துக்கு வந்தான். எல்லாம் சரியாக இருந்தது. நடுவர் விசில் ஊதப் போகிற நேரத்தில்தான் பெரிய கங்காணி மைதானத்துக்குள் நடந்து வந்தார். கோயில் காரியம் எல்லாம் அவர் பொறுப்பு.

எங்கள் மலையில் கொஞ்சமாவது சமதரையாக இருந்தது அந்த ஒரு இடம்தான். அதனால் பக்கத்துத் தோட்டமும் நாங்களும் சேர்ந்து வெட்டிய மைதானம் அது. எல்லைக் கல் இரண்டு ஓரத்திலும் நட்டிருந்தது. ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கோடு இழுத்தால் மைதானத்தின் நடுக்கோட்டில் போய் விழும். பாதி எங்கள் தோட்டம். மறுபாதி அடுத்த தோட்டம். தினமும் ஆடுகிற எங்களுக்கு, மேட்சை இங்கே கொண்டுவந்த மாஸ்டருக்கு, இது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

“சாமி காரியங்க. புள்ள அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க” என்றார் பெரிய கங்காணி.

மாஸ்டர் தலையில் கை வைத்தார். “ஐயா, பாதி மைதானத்தில நிண்டு ஒருத்தன் எப்பிடி விளையாடுறது?”

“இந்தப் பக்கமே நின்னு வெளையாடட்டுமேங்க. பந்து வராமயா போயிரும்?”

இரண்டு பேரும் நடுக்கோட்டில் நின்று வாதாடினார்கள். நடுவர், ஓர் ஆட்டக்காரன் தன் விருப்பத்துக்கு ஒரு பாதியில் நிற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்றார். ஆக, ஆடினேன். முதல் பாதியில் எங்கள் கோல் எங்கள் தோட்டத்துப் பக்கம். முன்வரிசை ஆட்டக்காரனான நான் கோல்காரனுக்குத் துணையாகப் பின்னால் நின்றேன். பந்தை எடுத்து ஓடிவருவேன். நடுக்கோடு வந்ததும் வண்டிமாடு மாதிரி நின்றுவிடுவேன். பந்து மட்டும் போகும். கன்னத்தில் முந்தின நாள் பூசிய அரிதாரம் முழுசாகப் போகவில்லை. கண்டிப் பையன்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. ரதி அம்மணி என்கிற மாதிரி “ரதி நோனா” என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நாங்கள் ஒரு கோல் வாங்கினோம்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது அவர்கள் கோல் எங்கள் தோட்டத்தில். இனி நம்ம ராச்சியம் என்று நினைத்தேன். எங்கே? நான் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பிப் போக முடியாது. அங்கேயே நின்றால் ஆஃப்சைட். ஒவ்வொரு தடவை பந்து வரும்போதும் விசில். பின்னால் சாமி விடவில்லை, முன்னால் நடுவர் விடவில்லை. நடுவில் இருந்த கொஞ்சம் புல்லில் அங்குமிங்கும் ஓடி, கடைசியில் ஒரு கோல் போட்டுவிட்டேன். ஆட்டம் சமம். பெரிய கங்காணி மாஸ்டரிடம் போய், “பாத்தீங்களா, சாமி கைவிடல” என்றார். மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“அடுத்த முறை உங்கட காமனைப் பள்ளிக்கூட லீவில எரிக்கச் சொல்லு.”

சிரிக்காமல்தான் சொன்னார். இதுதான் கல்லூரி ஆட்டம். சோறு இல்லை, சப்பாத்து இல்லை, மரியாதையும் பெரிதாக இல்லை. எஸ்.எஸ்.சி. சோதனையில் கணக்குக்கும் இங்கிலீசுக்கும் விழுந்தேன். மைதானத்தில் நின்ற நேரத்தை யாரும் மார்க்காக மாற்றித் தரவில்லை.

கல்லூரியை விட்டு ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கோயம்புத்தூர் மில் டீம் ஒன்று கொழும்புக்கும் கண்டிக்கும் ஆட வந்தது. கண்டியில் அவர்களுக்கு எதிராக ஆடிய டீமில் நானும் இருந்தேன். ஆட்டம் முடிந்து அவர்கள் டீம் மானேஜர் என் தோளில் கை போட்டு, “எங்களுக்கு ஆடு. மில்லுல வேலை போட்டுத் தர்றேன். நீ வேலை செய்ய வேண்டாம், ஆடினாப் போதும்” என்றார். இந்த உலகத்தில் பந்து உதைக்கிறவனுக்குச் சம்பளம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

போவது லேசு. திரும்பி வருவதுதான் எங்களுக்குப் பிரச்சினை. நானும் அப்பாவும் இந்தத் தீவில் பிறந்தவர்கள். இருந்தாலும் நாற்பத்தெட்டில் வந்த சட்டத்தோடு நாங்கள் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. அப்பா எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தோம். தோட்டத் தொழிற்சங்கத்துத் தலைவர் அப்பாவையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு வருடத்துக்குள் திரும்பி வருவதற்கு அனுமதிப் பத்திரம் கிடைக்கும். அந்தத் தேதி தாண்டினால் தலைமன்னார்த் துறைமுகத்தில் இறங்க விடமாட்டார்கள். இங்கே இடையறாமல் குடியிருந்தவன் என்ற கணக்கும் அறுந்துபோகும். அதோடு என் பேர் மனுவிலிருந்து போய்விடும்.

“தேதி தாண்டினா நீ அங்கிட்டு, நாங்க இங்கிட்டு. பாத்துக்க” என்றார் அப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

மானேஜர் வாக்குக் கொடுத்தார். தேதிக்கு முன்னால் அனுப்பிவிடுவதாகக் கண்டியில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னார். போனேன்.

போய்ப் பார்த்தால், சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பொய் சொல்லக்கூடாது. மைதானம் அரிசி மாவு சலித்துக் கொட்டினது மாதிரிச் சமம். மலைச் சரிவில் பந்து உருளும் திசையைக் கணக்குப் பண்ணியே பழகிய எனக்கு முதல் ஒரு மாதம் கால் தடுமாறியது. இரண்டு சப்பாத்தும் எனக்கே. மெஸ்ஸில் முட்டை, பால், ஆட்டிறைச்சி. முட்டி வலித்தால் மில் டாக்டர் ஊசி போடுவார். ஒருவரும் திட்டவில்லை. தவறு செய்தால் கரும்பலகையில் வட்டம் போட்டு, நீ இங்கே நின்றிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மெதுவை நம்பக்கூடாது. அடுத்த ஆட்டத்தில் என் இடத்தில் வேறு ஒருவன் நிற்பான் என்று அதற்கு அர்த்தம்.

நான் வெள்ளி, செவ்வாயில் இறைச்சி தொடமாட்டேன். கந்தசஷ்டிக்கு விரதம் பிடித்தேன். மானேஜர் கூப்பிட்டு, “விரதத்தை எல்லாம் ஆட்டம் இல்லாத மாசத்துல வச்சுக்கப்பா” என்றார். முருகன் சூரனை எப்போது சங்கரித்தார் என்பதை மில்லைக் கேட்டா முடிவு பண்ணினார்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லாவிட்டால் மருதமலைக்கு ஏறிப் போவேன். அந்த மலையிலும் மரம் இருந்தது, காற்று இருந்தது, ஆனால் தேயிலை இல்லாத மலை எனக்குச் சவரம் பண்ணிவிட்ட முகம் மாதிரி இருந்தது.

இன்னொரு கூத்து. கணக்குப்படி நான் நூல் நூற்கிற பிரிவில் தொழிலாளி. அதனால் காலையில் போய் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். என் மெஷினுக்கு அடுத்த மெஷினில் ஒரு பெரியவர். பஞ்சுத் தூசி படிந்து புருவம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். என்னைக் கண்டால் “வாங்க பந்துத் தொரை” என்று கும்பிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் கோபமும் நியாயம். நான் செய்யாத வேலையையும் அவர்கள்தான் பங்கு போட்டுச் செய்தார்கள்.

நன்றாகவே ஆடினேன். டீம் வரிசையாக ஜெயித்தது. மாதங்கள் ஓடின. என் தேதி நெருங்கியது. பெரிய டோர்னமென்டின் ஃபைனல், என் தேதி முடிந்து அடுத்த நாள் என்று வந்து விழுந்தது. ஒரே ஒரு நாள். பத்திரம் மானேஜரின் அலுமாரியில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான் வந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். போய்க் கேட்டேன்.

“ஃபைனல் முடிச்சுட்டுப் போ. ஒரு நாள்தானே” என்றார்.

விளக்கிச் சொன்னேன். தலைமன்னார், மனு, அப்பா, எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “மில்லு பேருல ஒரு லெட்டர் போட்டா கவர்மென்ட் ஒண்ணும் சொல்லாது.”

“அது உங்க கவர்மென்ட் இல்லீங்களே.”

“அப்ப உங்க கவர்மென்டா?”

இப்போதுகூட அந்தக் கேள்வி நினைவு வந்தால் எரிச்சல் வருகிறது. கேட்டவர் மேல் இல்லை.

ஆட்டத்தைத்தான் ஒரு நாள் முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மனதார, வேடிக்கையான ஒன்றைக் கேட்டது மாதிரிச் சிரித்தார். லொறி ஏறி ஒரு டீமே மலைக்கு வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் அப்படிக் கேட்கத் தோன்றியது. அங்கே அது வாயைத் திறந்து கேட்கிற விஷயமே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. மூன்று நாள் அவர் அறை வாசலில் போய் நின்றேன். முதல் நாள் அப்புறம் பார்க்கலாம் என்றார். அடுத்த நாள் இனிப்புக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஆள் இல்லை.

அதற்கடுத்த நாள் காலை மெஷின் பக்கத்தில் நான் நின்ற நிலையைப் பார்த்து அந்தப் பெரியவர் பந்துத் தொரை என்று கூப்பிடவில்லை. என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு முதலில் புரிந்தது ஒன்றுதான்.

“நீங்க போயிட்டா டீம் தோத்துருமுங்களா?”

“தோத்தாலும் தோக்கலாங்க.”

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலைந்து பேரைச் சேர்த்துவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். அங்கே அவர் சத்தம் போடவே இல்லை. “இந்தத் தம்பி கணக்குல யாருங்க? நம்ம பிரிவு ஆளுதானுங்களே? எங்களுக்கு ஊருக்குப் போக லீவு உண்டுன்னா இவருக்கு மட்டும் ஏனுங்க இல்லீங்கறீங்க?” என்றார். பந்தாட்டக்காரன் என்றால் லீவு இல்லை. ஆனால் பந்தாட்டக்காரன் என்று மில்லில் ஒருவனும் எழுத்தில் இல்லை. தர மாட்டேன் என்றால், ஆடுகிறவர்களைத் தொழிலாளி என்று காட்டுகிற விஷயம் தொழிற்சங்கத்துக்குப் போகும் என்றார். மானேஜர் அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வைத்தார்.

“போ. ஆனா திரும்பி வர்றதா இருந்தா இங்க இடம் இல்ல.”

வெளியே வந்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்பா நெனைக்காதீங்க தம்பி. உங்க மேல பாசத்துல செய்யல. ஒரு தடவையாவது இவங்க தோத்துப் பாக்கோணும்.” இப்படி ஒரு உதவியை எந்தக் கணக்கில் வைப்பது? கும்பிட்டுவிட்டு வந்தேன். என்னோடு அறையில் இருந்த மலையாளத்துக் கோல்காரன்தான் மூட்டை கட்டிக் கொடுத்து ரயிலேற்றினான்.

மண்டபம் கேம்பில் உடம்புச் சோதனை, தனுஷ்கோடியில் கப்பல். கடல் கொஞ்சம் குமுறியதும், இன்றைக்குக் கப்பல் போகாது என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சு பொய் என்று தெரிவதற்குள் நான் வேண்டிக்கொண்ட மாதிரி கந்தசஷ்டிக் காலத்தில்கூட வேண்டியதில்லை. தலைமன்னாரில் இறங்கி வரிசையில் நின்றேன். சிங்கள அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் இதே கப்பலில் திருப்பி ஏற்றியிருப்பேன் என்று சிங்களத்தில் சொன்னார். தெரியும் ஐயா என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். முத்திரை குத்தினார்.

லயத்துக்கு வந்து சேர்ந்ததும் அம்மா அழுதாள். அப்பா பத்திரத்தை வாங்கி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அதோடு நல்லது முடிந்தது. மறுநாள் பெரட்டிலிருந்து ஆரம்பம்: “என்னடா, ஃபைனல் ஆடாம வந்துட்டியாமே?” கப்பு வாங்கிக்கொண்டு வருவேன் என்று தோட்டமே நம்பிக்கொண்டிருந்ததாம். பெரிய கங்காணிக்கே ஒரு மாதிரி. எல்லையைத் தாண்டாதே என்று மைதானத்துக்குள் வந்து நின்ற மனிதர், “ஒரு நாள் சமாளிச்சிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். நான் ஸ்டோருக்குள் போய் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் கோல்காரன் எழுதியிருந்தான். மில் ஜெயித்துவிட்டது. என் இடத்தில் ஆடியவன் யாரோ ஒரு புதுப் பையன், நன்றாக ஆடினானாம். நான் இல்லாவிட்டால் தோற்றுவிடும் என்று நம்பியது அந்தப் பெரியவரும் நானும் மட்டும்தான் போலிருக்கிறது. அவரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

எது ஒசத்தி என்று கேட்கிற இளவட்டங்களுக்கு இனி என்ன சொல்வது? கல்லூரியில் சோறு போடாமல் திட்டினார்கள். திட்டிக்கொண்டே எனக்காக அலைந்தார்கள். மில்லில் சோறு போட்டார்கள், ஊசி போட்டார்கள், அலைய ஒருவருக்கும் நேரமில்லை. நல்ல மைதானத்தில், நல்ல சப்பாத்தில் ஆட வேண்டும் என்று இன்றைக்கும் கனவு வருகிறது. அதனால் மில் மட்டம் என்று சொல்லமாட்டேன். வயிறு காயக் காய ஆடிய கல்லூரியை உயர்த்தியும் சொல்லமாட்டேன். ஆசைப்பட்டால் போங்கள். போகும்போது பத்திரத்தை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி அப்பாவிடம் கேட்டதைவிட என்னிடம் கேட்டதுதான் அதிகம். அங்கே என்ன செய்தாய்? பந்து ஆடினேன். பந்து ஆடினால் யார் சம்பளம் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள் ஐயா. அவர் நம்பவில்லை. அங்கேயே தங்கிவிடலாம் என்று போய், ஒத்துவராமல் திரும்பி வந்தாயா என்றார். இல்லை என்றேன். பிறகு ஏன் ஃபைனலுக்கு நிற்காமல் வந்தாய் என்றார். அவரும்! நான் முத்திரையைக் காட்டினேன். இந்தத் தேதிக்குள் வராவிட்டால் என் பேர் அப்பா பேரோடு இருக்காது, அதற்காக வந்தேன் என்றேன். அவர் தேதியைப் பார்த்தார். அதற்கு மேல் கேள்வி இல்லை. எங்கள் வரிசையில் நின்ற எத்தனையோ குடும்பங்களுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைத்தது. என் பேரும் அப்பா, அம்மா பேரோடு பதிவாயிற்று. வெளியே வந்து அப்பா சொன்னது இவ்வளவுதான்: “வா, பஸ்ஸு போயிரும்.”

நடந்தது இது. இதில் கால் உடையவில்லை. கையூட்டு இல்லை. பயந்து ஓடவில்லை. எனக்கு வேண்டியவர்கள் சிலர், முருகன் கனவில் வந்து திரும்பிப் போ என்று சொன்னார் என்றும் பரப்பியிருக்கிறார்கள். அது என்னைப் பெருமைப்படுத்த என்று தெரியும். ஆனால் முருகன் கனவில் வரவில்லை. வந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். அவர் பேரில் நடக்காததைச் சொல்வது எனக்குப் பாவம். ஒருவன் தேதிக்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான், அதனால் அப்பா அம்மாவோடு இருந்தான். இதைப் படித்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். கோல் கூட்டாதீர்கள், கப்பு வாங்கித் தராதீர்கள், சாமியை இழுக்காதீர்கள். எழுதியிருக்கிறபடி சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.